தாளில் இல்லாத கேள்வி

அமெரிக்கக் கட்சியொன்று மாநாடு கூட்டித் தன் ஜனாதிபதி வேட்பாளரை அறிவித்த கிழமை அது. அந்த ஊர் வாக்காளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டெழுதும் வேலை, எப்படியோ சுற்றி இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்திருந்தது. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் நாலாம் மாடியில் இருபது பேர் தொலைபேசியில் கேட்டார்கள். அவர்கள் ஒழுங்காகக் கேட்டார்களா என்று ஒலிப்பதிவைச் சோதிப்பது விமலராஜின் வேலை. மனைவி போட்ட தேத்தண்ணீரிலேயே சீனியைக் குறைத்தாளோ என்று யோசிக்கும் மனுசனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைக்காது.

வேட்பாளர் பேசிய மறுநாள், எல்லாருடைய தாள்களிலும் "பேச்சைப் பார்த்தேன், பிடித்தது" என்றே இருந்தது. அமலினியின் தாள்களில் மட்டும் பத்துக்கு ஏழு பேர் பேச்சைப் பார்க்கவேயில்லை.

பூசைக்கு வரும் மன்னார்ப் பிள்ளை என்று அவளைக் கூட்டிவந்து சேர்த்தவனே விமலராஜ்தான். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு பிடி இல்லை. அதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனாலும், ஆட்களைக் கூப்பிடாமலே நிரப்பியிருக்கிறாள் கள்ளி என்று முடிவுகட்டி, தன் தலை தப்பினால் போதுமென்று மேலாளருக்கு எழுதி அனுப்பினான். ஆதாரம் தேடி ஒலிப்பதிவைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

மறுமுனையில் ஒரு வயதான பெண். முதல் கேள்விக்கு முன்பே அமலினி, வீட்டுப் பழக்கம் விடாமல், ஆங்கிலத்தில் கேட்டாள்: "சாப்பிட்டாச்சா அம்மா?"

"இல்லை மகளே. தனி ஆளுக்குச் சமைக்க மனம் வருவதில்லை."

"நேற்றுப் பேச்சைப் பார்த்தீர்களா?"

"வேறு யாரும் கேட்டால் பார்த்தேன் என்பேன். உன்னிடம் என்ன ஒளிப்பு? பார்க்கவில்லை."

அடுத்த பதிவிலும் அதே கேள்வி, அதே மாதிரி உண்மை. தாளில் இல்லாததைக் கேட்டது விதிப்படி பிழைதான். ஆனால் பொய் நிறைந்திருந்தது மற்றப் பத்தொன்பது பேரின் தாள்களில். விமலராஜுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அதற்குள் மேலாளரின் பதில் வந்திருந்தது: நாளையிலிருந்து அவள் வரவேண்டாம்.

இடைவேளைக்கு அமலினி சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள். "அண்ணை, சாப்பிட்டியளோ?"

வழக்கம்போல் ஓம் என்று சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை.

"இல்லைப் பிள்ளை," என்றான். "உன்னைக் கள்ளி எண்டு எழுதி அனுப்பிப்போட்டன்."