இருபது கஜத்துக்கு முன்னால்

1937-ஆம் வருஷம் தை மாதத்திலிருந்து, விக்கிரவாண்டிக்கு வடக்கே இரண்டு மைல் தூரத்துக்கு, செத்துப்போன அம்சவள்ளி, சுப்பராயலு சர்வீஸ் பஸ்ஸுக்கு முன்னால் நடந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது என்பதால் அன்று நடந்தாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மற்ற ஆறு நாளும், விழுப்புரத்தில் சாயங்கால ரயில் வந்து, பஸ் புறப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டி இருட்டு கட்டியதும், புது விளக்கு வெளிச்சத்தின் நுனியில், சரியாக இருபது கஜத்துக்கு முன்னால், தலையில் துணிமூட்டையோடு ரோட்டின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருப்பாள். பஸ் வேகமாகப் போனாலும் இருபது கஜம், மெதுவாகப் போனாலும் இருபது கஜம். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கல் மதகு வந்ததும் இருக்கமாட்டாள். முதல் வாரம் பஸ்ஸில் ஒரே கூச்சல். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மாசி பிறப்பதற்குள் எல்லாருக்கும் பழகிவிட்டது. திண்டிவனம் போகிற வெற்றிலைக்காரர்கள், அவள் தெரிந்தால் இன்னும் முக்கால்மணி நேரம் என்று தெரிந்துகொண்டு தலையைச் சாய்த்துத் தூங்கினார்கள்.

டிரைவர் சவுரிராயனுக்கு மட்டும் பழகவில்லை. அந்தப் பஸ்ஸில் அதற்கு முன்பு இருந்தவை கார்பைட் விளக்குகள். கல்லின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, வாயு கிளம்பி, மஞ்சளாக எரியும். எதிர்க்காற்று அடித்தால் அணையும், மழை பெய்தால் புகையும். நல்ல நாளிலேயே மாட்டின் கண் மினுங்குவது தெரியுமே தவிர மாடு தெரியாது. எலெக்ட்ரிக் விளக்கு போடச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்டும் முதலாளி சுப்பராயலு மசியவில்லை. "ரோடு எங்கியும் ஓடிப்போகாது, உனக்குத்தான் மனப்பாடம் ஆச்சே," என்று சொல்லிவிட்டார். 1936 ஐப்பசியில் ஒரு மழை நாளில், கண்டக்டர் காய்ச்சலில் படுத்திருக்க, பயணிகள் எல்லாரும் விக்கிரவாண்டியிலேயே இறங்கிவிட, சவுரிராயன் தனியாக வண்டியை ஓட்டிவந்தான். மதகுக்குப் பக்கத்தில் இடது மட்காட்டில் ஏதோ மோதியது. இறங்கி, தீக்குச்சி கிழித்துப் பார்த்தான். ஒரு பெண். உயிர் இருந்தது. வெளிச்சம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "யாருங்க அது?" என்று கேட்டாள். குச்சி விரலைச் சுட்டது. வண்டியில் ஏறித் திண்டிவனம் போய்ச் சேர்ந்தான்.

காலையில் முதலாளி மட்காட்டின் நசுங்கலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஆளை வரச்சொல்லித் தட்டி நிமிர்த்தினார். அம்சவள்ளி, மல்லாட்டைக் கடலை உடைக்கும் ஆலையில் வேலை முடித்து வீட்டுக்கு நடந்து போகையில் ஏதோ ஒரு லாரி அடித்துச் செத்தாள் என்று போலீஸில் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு சவுரிராயன் முதலாளியிடம் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. தானே புதுச்சேரிக்குப் போய், தட்டு அகலத்தில் இரண்டு விளக்கும், அதற்குத் தோதான டைனமோவும் வாங்கிவந்து மாட்டினான். தையில் முதல்முறை ஸ்விட்சைத் தட்டியபோது புளியமரத்தின் இலை இலையாகத் தெரிந்தது, ரோட்டில் கிடந்த வைக்கோல் தெரிந்தது, கூடவே அவளும் தெரிந்தாள். ஐப்பசியிலிருந்தே நடந்துகொண்டிருந்தாளோ என்னவோ. பழைய விளக்கில் உயிரோடு இருந்தவளே தெரியவில்லை, செத்தவள் எப்படித் தெரிவாள்?

செய்தி கேள்விப்பட்டு அவளுடைய புருஷன் பெரியதம்பி விக்கிரவாண்டியில் வந்து நின்றான். கிணறு வெட்டுகிறவன், கைகால் எல்லாம் காய்ந்த சேறு. முன்சீட்டில் இடம் கேட்டான். அன்று மதகு வரைக்கும் மூச்சு விடாமல் பார்த்தான். மதகு தாண்டியதும், "நடைய மாத்தவே இல்ல பாரு," என்றான். அதிலிருந்து தினமும் வந்தான். நடந்தே வீட்டுக்குப் போகக்கூடியவன், அவளைப் பார்ப்பதற்காக விக்கிரவாண்டியில் ஏறி, மதகுக்கு அப்பால் தன் குடியிருப்பு வாசலில் இறங்கிக்கொள்வான்.

ஒருநாள் தானாகவே சொன்னான். "எம்மேலதாண்ணே தப்பு. தெனம் லாந்தர எடுத்துக்கினு எதிர்ல போவேன். அன்னிக்கு மழ. படுத்துத் தூங்கிட்டேன். வெளிச்சம் இருந்திருந்தா அந்த லாரிக்காரன் பார்த்திருப்பான் இல்ல?"

சவுரிராயன் கியரை மாற்றினான்.

பெரியதம்பி இதையே மாதத்துக்கு ஒருமுறையாவது சொன்னான். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கிணற்றுக்குள் வெட்டிக்கொண்டிருக்கும்போது வெடிக்குத் தீ வைத்தால், மற்றவர்கள் மேலேறிய பிறகும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் ஏறுகிறான் என்று கூட வேலை செய்பவர்கள் பேசிக்கொண்டார்கள். சவுரிராயன் மாதா கோவிலில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குவதை நிறுத்தினான். எல்லாரும் எழுந்து போகும்போது அவன் மட்டும் உட்கார்ந்திருப்பான். வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை புறப்பட்டான். விட்டால் வேறு டிரைவர் பெரியதம்பியை முன்சீட்டில் ஏற்றுவானோ மாட்டானோ என்று நினைத்துத் திரும்பி வந்தான். இப்படி ஐந்து வருஷம் போனது.

1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பாதி காலியானது. வண்டி விளக்குகளின் மேல்பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. சவுரிராயனே அடித்தான். அன்று முதல் வெளிச்சம் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. ரோட்டில் அம்சவள்ளியின் இரண்டு கால்கள் மட்டும் நடந்து போயின. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரி எரிக்கும் டிரம் வைத்தார்கள். அந்த வாயுவில் வண்டி முக்கி முக்கி ஓடியது, கால்களும் மெதுவாயின. பெரியதம்பி குறைசொல்லவில்லை. "கால் தெரிஞ்சா போதும்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கி நான் லாந்தர மட்டும் எடுத்துக்கினு போயிருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"பெரியதம்பி, லாரி இல்ல," என்றான் சவுரிராயன். "இந்த வண்டிதான். நான்தான்."

எஞ்சின் சத்தத்தில் பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

"என்னா சொல்றீங்க?"

"எறங்கிப் பார்த்தேன். உசுரு இருந்திச்சு. யாருங்க அதுன்னு கேட்டுச்சு. நான் வாயத் தொறக்கல. ஏறி வந்துட்டேன்."

பெரியதம்பி கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். "பேசினாளா?"

"பேசுச்சு."

"வேற எதனா சொன்னாளா?"

"இல்ல. அது மட்டுந்தான்."

"அஞ்சு வருசமா," என்றான் பெரியதம்பி, "எம்பக்கத்துலயே உக்காந்துக்கினு, நான் பொலம்பறத கேட்டுக்கினு வந்தீங்களே."

அப்போது முன்னால் போன கால்கள் நின்றன. சவுரிராயன் பிரேக்கை அழுத்தினான். குதிகால்கள் மெல்லத் திரும்பி, விரல்கள் பஸ்ஸைப் பார்த்தபடி வந்தன. ஈரமான விரல்கள், வலது காலில் மட்டும் மெட்டி. மேலே என்ன முகம் இருந்ததென்று கறுப்புப் பெயிண்ட் காட்டவில்லை. ஏன் வண்டி நின்றது என்று பின்சீட்டில் யாரோ கேட்டார்கள். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் அப்படியே இருந்தது. பிறகு கால்கள் திரும்பி, பழையபடி வடக்கே நடந்தன.

மறுநாள் காலை சவுரிராயன் தானாகப் போய்க் காவல் நிலையத்தில் சொன்னான். எழுதி முடித்ததைத் திரும்ப எழுத அவர்களுக்கு இஷ்டமில்லை. மூன்று நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில் எழுதினார்கள். வழக்கு இழுத்து, ஒருவருஷம் வேலூர் ஜெயில் என்று தீர்ப்பானது. முதலாளிக்கும் கோர்ட்டுக்கு அலைச்சல். லைசென்ஸ் போய்விட்டது. 1944-இல் வெளியே வந்தபோது தாடி நரைத்திருந்தது. சுப்பராயலு அவன் முகத்தைப் பார்க்காமல், பஸ்ஸின் பின்னால் கரி டிரம்மைக் கிளறும் வேலையைக் கொடுத்தார். விளக்குப் பெயிண்டைச் சுரண்டியாகிவிட்டது. தாண்டவராயன் என்ற புது டிரைவர் ஓட்டினான். முன்சீட்டில் பெரியதம்பி உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து பார்த்தால் கடந்துபோன ரோடும் இருட்டும்தான் தெரியும். சவுரிராயன் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அம்சவள்ளியைப் பார்க்கவில்லை.

முதல்நாள் குடியிருப்பு வாசலில் பஸ் நின்றது. பெரியதம்பி இறங்கி, வீட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்து, திரும்பி, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தான். சவுரிராயன் தலையைத் தூக்காமல் கம்பியால் நெருப்பைக் கிளறினான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

"இன்னிக்கு அவ கொஞ்சம் வேகமாப் போனா," என்றான் பெரியதம்பி. சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். லாரியைப் பற்றியோ ஜெயிலைப் பற்றியோ அவர்கள் பேசிக்கொண்டதில்லை. யுத்தம் முடிந்து, பெட்ரோல் வந்து, டிரம்மைக் கழற்றி, சவுரிராயன் பஸ் கழுவுகிறவனாகிப் பின்படியில் நின்று வந்த வருஷங்களிலும் அது நிற்கவில்லை. அவள் எப்படி நடந்தாள் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

"இன்னிக்கு காலைத் தாங்கித் தாங்கி நடந்தா," என்றான் பெரியதம்பி ஒருநாள். "முள்ளு கிள்ளு ஏறிடுச்சோ என்னாவோ."

"ஜல்லி புதுசாப் போட்டிருக்கான் இல்ல," என்றான் சவுரிராயன். "வெறுங்காலு."

இரண்டு பேரும் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் கவலைப்பட்டார்கள். தாண்டவராயன் ஹாரன் அடித்தான். பஸ் புறப்பட்டது.