ஸ்டார்ட்டருக்கு வைத்த பூட்டு

என் தங்கை வீட்டுக் காரில் திருட்டுப் பூட்டு வைத்தது நான்தான். அந்தத் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு கார் களவு போய்விட்டது. தங்கை புருஷனுக்குத் தூக்கம் போயிற்று. அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. தங்கைக்குக் கல்லீரல் மாற்ற வேண்டும். பட்டியலில் பெயர் ஏறிப் பதினான்கு மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். பயணமே ஒன்றரை மணி நேரம். அதற்கென்றே வாங்கிய பழைய கார் அது. மனிதர் வேலைக்குக்கூட பஸ்ஸில்தான் போவார். கார் டாங்க் நிறைய பெட்ரோலோடு வாசலில் நிற்கும்.

“இதுக்குப் போய் ஏன் மாப்ள கடை கடையா அலையறீங்க? ஸ்டார்ட்டர் ஒயர்ல ஒரு ரிலே வச்சிட்டா, திருடன் தலைகீழா நின்னாலும் வண்டி கெளம்பாது,” என்றேன். இருபத்திரண்டு வருடமாக வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவன். வாய் சும்மா இருக்குமா?

சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்த சுவிட்சைப் போட்டால் ரிலே ஸ்டார்ட்டரைத் துண்டித்துவிடும். அந்த ரிலேக்கான கரண்டை, சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும் ஒயரிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். எனக்குப் பசி. போதாததற்கு, நம் வீட்டு வண்டிதானே என்ற மிதப்பு. நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்துவிட்டேன். வெளி ஆள் வண்டியில் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை, சத்தியமாக. சுவிட்ச் போட்டிருக்கும்வரை ரிலே பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். தினமும் ஓடுகிற வண்டியென்றால் தாக்குப்பிடிக்கும். இந்த வண்டி எட்டு நாள் அசையாமல் நின்றது.

ஒன்பதாம் நாள், ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் வந்தது. கல்லீரல் கிடைத்துவிட்டது, கிளம்புங்கள் என்றார்கள். மாப்பிள்ளை சுவிட்சை அணைத்துச் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. வேறு வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்கலாமென்றால், பக்கத்து வீடுகளில் அதற்கான கேபிள் இல்லை. வாடகைக் கார் வர ஐம்பது நிமிடம். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, தயாராக வைத்திருந்த அடுத்த நோயாளியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் மீட்டரும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியுமாகப் போனேன். சுவிட்சைப் போட்டு அளந்தேன். புள்ளி ஒன்று எட்டு ஆம்பியர். எட்டு நாளில் பேட்டரியைக் காலி செய்ய அது போதும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையாலும் கெட்டேன். அதுவும் என்னோடு போகவில்லையே, பாவி.

தங்கை கட்டிலில் கிடந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள்.

“அண்ணா, நீயாவது அவருக்கு எடுத்துச் சொல்லு. காருக்குள்ள லைட்ட அணைக்காம விட்டுட்டேன், என்னாலதான் போச்சுன்னு தலைல அடிச்சிக்கிறாரு. நேத்துலருந்து ஒரு வாய் சாப்பிடல.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“அடுத்தது எப்ப வரும்னு அவருக்கே தெரியாதாம். அதுவரைக்கும் நான் இருக்கணும்ல?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

வாசலில் மாப்பிள்ளை காரைத் தொடாமல் தள்ளி நின்றிருந்தார். மீட்டரைக் காட்டிச் சொல்லிவிட்டேன். லைட் இல்லை, நான் கொடுத்த கனெக்‌ஷன் என்று. சட்டையைப் பிடிப்பார், நாலு அறை விடுவார் என்று நின்றேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் மீட்டரை என் கையிலிருந்து வாங்கி அணைத்தார்.

“அவகிட்ட சொல்லாதீங்க மச்சான்,” என்றார். “எங்க அண்ணன் இருக்கான்ங்கற தெம்புலதான் படுத்திருக்கா. இருக்கப்போற கொஞ்ச நாளும் அதுவாவது இருக்கட்டும். நான் மறதிக்காரப் புருஷனாவே இருந்துட்டுப் போறேன்.”

உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள்.

“என்னண்ணா, பாத்தியா? லைட்டுதானா?”

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார்.

“ஆமாம்மா,” என்றேன், “லைட்டுதான்.”