ஏழாம் குழிப் புளியமரம்

ஜவ்வாது மலையில் பொதுமக்களுக்கான கோல்ஃப் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட வாரத்தில், சின்னக்குழந்தையின் புளியமரம் நாற்பத்திரண்டு அடி மேற்கே தள்ளி நின்றது. அந்த வாரம் கலசப்பாக்கம் சந்தையில் புளி விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மரம் போன வழியில் புல் மடியவில்லை. பழைய இடத்தில் பள்ளமும் இல்லை. ஆடு மேய்க்கும் தசரதன்தான் முதலில் பார்த்தான். நிழல் என்று நினைத்து வெயிலில் போய் உட்கார்ந்ததாக அவனே ஊரில் சொன்னான்.

மலையில் நிலம் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு என்பது ரொம்ப நாள் வழக்கம். மரம் நின்ற புறம்போக்கு மேடு சர்க்காருடையது. மரத்திலிருந்து விழும் பலன் மட்டும் சின்னக்குழந்தைக்கு என்று மரப் பட்டா இருந்தது. புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்த வரும்படி அந்த ஒற்றை மரம்தான். ஆனால் எல்லைக்கல்லுக்குக் கிழக்கே நிற்கும் வரைதான் அது அவளுடையது. கல்லைத் தாண்டினால் வனத்துறையின் காப்புக்காடு, பட்டா செல்லாது. மரம் நடந்ததில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அது மேற்கே நடந்ததால், கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே மட்டும் தினமும் அடி வைத்து அளந்து பார்த்தாள்.

மைதானத்தை வரைந்தவன் திருப்பத்தூர் சரவணகுமார். பந்தை அடிப்பது கை, ஜெயிப்பது மூளை என்பது அவன் கட்சி. பயந்தவனுக்குச் சுற்றுவழி வேண்டும், துணிந்தவனுக்குக் குறுக்குவழி வேண்டும், அந்தக் குறுக்குவழியில் ஓர் ஆபத்தும் காத்திருக்க வேண்டும். மட்டையை ஓங்குவதற்கு முன்னால் ஆள் நின்று யோசித்தால்தான் அது மைதானம், இல்லாவிட்டால் வெறும் மேய்ச்சல் நிலம் என்பான். மற்ற எட்டுக் குழிகளுக்கும் மணல் பள்ளமும் ஓடையுமாக அப்படியே அமைத்துவிட்டான். ஏழாவதற்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. போதாததற்கு நட்டநடுவில் புளியமரம் வேறு. வெட்ட உத்தரவு வாங்கினான். செல்போனில் எடுத்த ஜி.பி.எஸ். புள்ளியோடு மரம் நிற்கும் இடம் உத்தரவில் தெளிவாக எழுதியிருந்தது. ஆட்கள் ரம்பத்தோடு வந்தபோது அங்கே மரம் இல்லை, பத்தடி தள்ளி இருந்தது. உத்தரவில் இல்லாத மரத்தில் கை வைக்கக் கூடாது என்று வனக்காவலர் திருப்பி அனுப்பினார். இப்படி நான்கு உத்தரவுகள் வீணாயின. ஒவ்வொரு தடவையும் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே தூரம் குறைந்துகொண்டே வந்தது.

"யம்மா, உங்க மரத்த ஒரு எடத்துல நிக்கச் சொல்லுங்க" என்றான் சரவணகுமார்.

"இன்னா சார் பேசறீங்க. காலு அதோடது. நான் இன்னா பண்றது?"

அவன் தலை மறைந்ததும் அவள் மரத்தடிக்குப் போனாள். "எங்க வேணா சுத்து. கல்ல மட்டும் தாண்டாத. தாண்டிட்டா நான் இன்னாத்த தின்றது?" என்று சொல்லி அடிமரத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

வெள்ளோட்டத்துக்கு ஒப்பந்தக்காரர் ராஜாக்கண்ணுவை அடிக்க விட்டார்கள். எதையும் செய்துவிட்டு அப்புறம் விசாரிக்கிற ஆள் அவர். மரத்துக்கு மேலாகவே ஓங்கி அடித்தார். மரம் அரையடி நகர்ந்து பந்தை வாங்கிக்கொண்டது, கீழே போடவில்லை. இப்படிப் பதினொரு பந்துகள் போயின. பன்னிரண்டாவதை வைத்துவிட்டு ராஜாக்கண்ணு இடுப்பில் கை வைத்துக் கால்மணி நேரம் யோசித்தார். அவர் யோசித்து அவர் சம்சாரம்கூடப் பார்த்ததில்லை. பிறகு சுற்றுவழியில் அடித்துக் குழியில் சேர்த்தார். சரவணகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. படித்த காலம் முழுக்க அவன் வரைய முயன்றது அந்தக் கால்மணி நேரத்தைத்தான். ஐந்தாவது உத்தரவை அங்கேயே கிழித்துப் போட்டான்.

ஆனால் பதினோராவது பந்தைப் பிடித்த வேகத்தில் மரம் கல்லைத் தாண்டி மூன்றடி போயிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். சின்னக்குழந்தை அன்று உலை வைக்கவில்லை. மறுநாள் நில அளவையர் வந்தபோது, மரம் நின்ற இடத்திலேயே நின்றது. கல்தான் அதற்கு மேற்கே ஒன்பதடி தள்ளி, பாசி படிந்து, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பது போல இருந்தது. அவர் மூன்று முறை சங்கிலி பிடித்துப் பார்த்தார். கல் சரியாக இருக்கிறது, மேடுதான் பன்னிரண்டடி அகன்றிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாமைக் கூழ் குடித்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்தார்.

மாசியில் மரத்தை உலுக்கியபோது புளியோடு பந்துகளும் கொட்டின. ராஜாக்கண்ணு தன் பதினொன்றைக் கேட்டு வந்தார். "மரத்துலருந்து விழறது எனக்குத்தானுங்களே" என்று சின்னக்குழந்தை பட்டாவை நீட்டினாள். அவர் இரண்டு தரம் படித்துப் பார்த்து, நியாயம்தான் என்று திரும்பிப் போனார்.

மைதானம் திறந்து மூன்று வருடம் ஆகிறது. விளையாட வருகிறவர்கள் இறங்கியதும் நேரே அவள் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறார்கள். "இன்னைக்கு மரம் எங்கம்மா நிக்குது?" என்று கேட்கிறார்கள். அவள் எட்டிப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே நடக்கிறாள்.