பிருடைக்கு மேலே ஒரு முகம்

…வாத்தியத்தின் உச்சியில் செதுக்குகிற தலையில் வாசிக்கிறவளுக்குத் தெரிவது பின்னந்தலை மட்டும்தான், முகம் சபைக்கு, அதனால் யார் முகமாக இருந்தால் என்ன, தலைக்குப் பதில் வெறும் மரச்சுருள் போதும் என்று சொல்லிவிடலாம், இன்றைக்கு வந்ததே அதைச் சொல்லத்தானே, என்று ஈனெகே நினைத்துக்கொண்டிருக்கும்போதே யோரிஸ் அவளுடைய முழங்கால்களுக்கு நடுவில் அந்த மரக்கூட்டை நிறுத்தி, "அசையாதீங்க" என்றான். இன்னும் வியோல் ஆகாத வியோல், முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வில்லால் வாசிக்கிற பழைய ஐரோப்பிய வாத்தியம். ஏழு தந்திகள் வரப்போகிற இடத்தில் ஏழு பென்சில் கோடுகள், வில் உரசப்போகிற இடத்தில் காற்று. உத்ரெக்ட் நகரத்துக் கால்வாயின் தண்ணீர் மட்டத்தில் இருக்கிற நிலவறை அவன் பட்டறை, வெளியே ஒரு படகு போனால் உள்ளே வளைந்த கூரை முழுக்க வெளிச்சம் நெளியும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு மிதப்பு… "மூச்சை ஏன் பிடிச்சு வச்சிருக்கீங்க? எக்ஸ்ரேயா எடுக்கறேன்? மேடையில உக்கார்ற மாதிரி உக்காருங்க." மேடையில் எப்படி உட்காருவாள்? இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. ஏன் இடது பக்கம்? அங்கேதான் தங்கை மார்லூஸ் தன் வியோலோடு இருப்பாள். இருந்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன் இதே ஸ்டூல், வாத்தியம் செய்யச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து வந்திருந்தார்கள், யோரிஸ் சொன்னான், தந்தி முறுக்குகிற பிருடைகளுக்கு மேலே ஒரு தலை செதுக்குவேன், அரசி, சிங்கம், யார் வேண்டுமானாலும், யாரை வைக்கட்டும்? யோசிக்கவே இல்லை அவள், என் தங்கை என்று கை காட்டிவிட்டாள். "செத்தவங்களுக்குத்தானே அக்கா சிலை வைப்பாங்க, அவ்வளவு அவசரமா உனக்கு?" என்று மார்லூஸ் சிரித்த சிரிப்பில் மரச்சீவல் தூசி பறந்தது, யோரிஸ் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அவளைப் படம் எடுத்துக்கொண்டான். வரிசையில் காத்திருக்க வேண்டும், நான்கு வருஷமாகும் என்றான். நான்கு வருஷத்தில் என்ன ஆகிவிடும் என்றுதானே நினைத்தார்கள்… லூவனில் அந்தக் கச்சேரி முடிந்து, ஒப்பனை அறையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டே, பாதி மென்றபடி மார்லூஸ் சொன்னாள், "இனி என்னால முடியாதுக்கா." கை வலிக்கிறதா என்றுதான் கேட்டாள், வேறு என்ன கேட்பாள்? "கை நல்லாத்தான் இருக்கு. நீ மூச்சு இழுத்தாத்தான் எனக்கு மூச்சு வருது. கடையில காய் வாங்கும்போதுகூட நீ இழுக்கறியான்னு காத்துட்டு நிக்கறேன்." அதை அன்றைக்கே காதில் வாங்கியிருக்கலாம், ஈனெகே வாங்கவில்லை. பிறகு மார்லூஸ் குரோனிங்கனுக்குப் போனாள், பஸ் ஓட்டுகிறாள் என்று தகவல் வந்தது, ஈனெகே போனில் சொன்னாள், பஸ் ஓட்டவா இருபது வருஷம் வில் பிடிச்சே? அந்தப் பக்கம் எஞ்சின் கிளம்பும் சத்தம், போன் துண்டானது. அதற்கப்புறம் எதுவும் இல்லை. இரண்டரை வருஷம்.

"விரல் ஓடற தண்டி நீளம் சரியா இருக்கும்" என்று யோரிஸ் அளவுநாடாவைச் சுருட்டினான், "வியாழக்கிழமை தலையில கை வைக்கணும். மரத்துல உளி பட்டா அப்புறம் மாத்த முடியாது, இப்பவே பாத்துச் சொல்லிடுங்க." மூலையில் ஈரத்துணி போர்த்தியிருந்ததை விலக்கினான், களிமண்ணில் ஒரு தலை, உள்ளங்கை அளவுதான். சுருள் போதும் யோரிஸ். சொல்ல வேண்டியது இவ்வளவுதான், மூன்று சொல். மூக்கு மார்லூஸுடையது, நெற்றியில் கலைந்த முடி அவளுடையது, ஆனாலும் யாரோ ஒரு பெண், தபால் நிலையத்தில் முன்னால் நிற்கிறவள் மாதிரி…

"பிடிக்கலையா?"

"வாய் மூடியிருக்கு."

"போட்டோவுல மூடித்தானே இருக்கு?"

"வாசிக்கும்போது மூட மாட்டா. கீழுதடு கொஞ்சம் விலகி, சூடான காபியை ஊதப்போற மாதிரி. இவ்வளவு இல்ல, இன்னும் கொஞ்சம் குறைவா… ம், அங்க."

கம்பியின் நுனியால் ஒரு துளி மண்ணை எடுத்தான், அவ்வளவுதான், மார்லூஸ் வந்துவிட்டாள், அடுத்த மூச்சுக்கு முந்தைய அந்த நொடியில் நின்றுகொண்டு. மடிமேல் ஈனெகேயின் வலது கை வில் பிடிக்கிற மாதிரி தானாக மடங்கியது. சொல்ல வந்த மூன்று சொல் எங்கே போயிற்று, யோரிஸ் துணியை மறுபடி நனைத்துக்கொண்டிருந்தான், தடுக்க நினைத்தால் தடுத்திருக்கலாம், அவள் தடுக்கவில்லை. "இவ்வளவு கவனிச்சிருக்கீங்களே" என்றான் அவன், "உங்களுக்கு எப்படி?"

"எனக்கு என்ன?"

"வாசிக்கும்போது உங்க வாய்."

கண்ணாடி முன்னால் பயிற்சி செய்யும்போது பார்த்ததெல்லாம் வில் பிடித்த கையை, ஒளிப்பதிவுகளில் பார்த்ததெல்லாம் விரல்களை. மூடியிருக்குமா, திறந்திருக்குமா, தான் மூச்சு இழுப்பதற்குக் காத்துக்கொண்டு இருபது வருஷம் இந்த வாயையே பார்த்திருந்தவள் மார்லூஸ் ஒருத்திதான், அவளுக்குத்தான் தெரியும், அதைத் தெரிந்துவைத்திருந்ததுதான் அவளுக்குப் பாரமாகிவிட்டதோ…

"தெரியல" என்றாள் ஈனெகே. "கேட்டாத்தான் தெரியும்."

யோரிஸ் கூட்டை அவள் முழங்கால்களுக்கு நடுவிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. ஐந்து மணி ரயிலைப் பிடித்தால் ஏழு மணிக்குக் குரோனிங்கன், எந்தத் தடத்தில் ஓட்டுகிறாளோ, ஒவ்வொரு பஸ்ஸாக ஏறிப் பார்க்க முடியுமா, பார்த்துவிட்டாலும், ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று அங்கே எழுதி வைத்திருப்பார்களோ…