கோணல் கம்பி

கம்பி கோணலாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும், மீன் என்ன அளவு நாடாவோடா வரப்போகிறது... ஏரிக்கரையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற கோகிலவாணி, காலையில் தானே செய்த தூண்டில் ஸ்பின்னரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பழைய ஸ்பூனின் குழியை வெட்டித் தட்டிய தகடு, ரவிக்கை வேலையில் மிஞ்சிய சிவப்பு மணி, ஈயக்குண்டு, முள், முள்ளை மறைக்க மஞ்சள் நூலில் ஒரு குஞ்சம். இழுத்தால் தகடு கம்பியைச் சுற்றிப் பளபளக்க வேண்டும், சின்ன மீன் ஓடுகிறதென்று விரால் பாய வேண்டும். அவ்வளவுதான். புருஷன் பழனி செய்தால் கம்பி ஊசி மாதிரி நிற்கும். அவருடைய குறடை எடுத்தபோது கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முன்பென்றால் தொட விடுவாரா? 'அய்ய, குடுடி இப்பிடி, துணி தைக்கிற கையில இன்னா வேல இது' என்று பிடுங்கியிருப்பார். இன்றைக்கு, எடுத்துக்கட்டுமாங்க என்றதற்கு, 'உன் இஷ்டம்' என்றார்.

உன் இஷ்டம்... கரியாலூர் மலை வளைவில் லாரி சாய்ந்து, வயிற்றைக் கிழித்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்களே, அன்றிலிருந்து எதற்கும் இதே பதில்தான். ஜன்னலைச் சாத்தட்டுமா, உன் இஷ்டம். லாரியை வித்துடலாமா என்று அவர் தம்பி கேட்டபோதும் அதேதான், அதன் கண்ணாடியில் யாராவது கை வைத்தாலே சண்டைக்குப் போகிற மனுஷன். நாத்தனார் கமலா வந்து, "வெரால் மீனு கொழம்பு வெச்சுக் குடு அண்ணி, காயம் சீக்கிரம் ஆறும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோகிலவாணியும் சங்கராபுரத்தில் வாங்கி வந்து வைத்தாள். வளர்ப்பு மீன். 'தீவனம் தின்ன மீன எனக்குப் போட்றியா' என்று தட்டைத் தள்ளுவார் என்று பயந்துகொண்டேதான் பரிமாறினாள். தள்ளவில்லை. சாப்பிட்டார். கோபம்கூடவா வெட்டி எடுத்துவிட்டார்கள் ஆஸ்பத்திரியில்? ஏரி விராலைப் போட்டால் நாக்காவது விழித்துக்கொள்ளாதா?

அதற்குத்தான் வந்தாள், அவருடைய தூண்டில் ராடையும் தூக்கிக்கொண்டு. வீசினாள், இழுத்தாள். தகடு வட்டமாகச் சுற்றாமல் நொண்டியடித்துக்கொண்டு வந்தது. ஒரு வெடுக்... பிறகு ஒன்றுமில்லை. மறுபடி வீசினாள், மறுபடி வெடுக், குஞ்சத்தில் பாதி நூலைக் காணோம். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வேடியப்பன் சிரித்தான். "இன்னாக்கா, மீனுக்கு ஜாக்கெட் தச்சுக்கினு வந்தியா? குஞ்சத்த மட்டும் கடிச்சுக்கினு போவுது பாரு." அவன் சொன்னது சரிதான், ரவிக்கை முதுகில் தொங்கவிடுகிற நீளத்துக்கே கட்டியிருந்தாள், கை பழக்கம். "உன் ஆடு கட்டிக்கினா ஒண்ணு அதுக்கும் தச்சுத் தரேன் போடா" என்றபடி, மிஞ்சிய நூலை முள்ளோடு ஒட்டப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

கோரைப்புல் ஓரமாகத் தண்ணீரில் சிவப்பாக ஏதோ கொதிப்பதுபோல இருந்தது. விரால் குஞ்சுகள், கூட்டமாக. அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். பழனி அங்கே வீசவே மாட்டார். 'குஞ்சோட நிக்கிறது பசிக்கா கடிக்கும்? கோவத்துல கடிக்கும். அத்தப் புடிக்கிறவன் மனுஷனே இல்ல.' தெரியும், தெரிந்தும் கை வீசிவிட்டது. நொண்டித் தகடு குஞ்சுகளை உரசிக்கொண்டு வந்ததுதான் தாமதம், தண்ணீர் வெடித்தது, ராடு வளைந்து மணிக்கட்டை இழுத்தது, எப்படி இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாது, முழங்கை நீளத்துக்குக் கறுத்த விரால் சேற்றில் கிடந்து துள்ளியது. "யக்கா, அசத்திட்ட போ" என்றான் வேடியப்பன்.

துணியால் அழுத்திப் பிடித்தாள். வயிறு ஒட்டிக் கிடந்தது. காவல் இருக்கிற நாளெல்லாம் சரியாகத் தின்னாது என்பாரே... அந்த ஒட்டின வயிற்றைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டுமே. கத்துவார். சட்டியோடு தூக்கி எறிவார். எறிந்தால் நல்லதுதானே? ஆனால் எறியவில்லையென்றால்? இதையும் பார்த்துவிட்டு, இதையும் ஒரு வார்த்தை பேசாமல் பிசைந்து தின்றுவிட்டால்? அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தன்னால் முடியாது என்று தோன்றியது. கோரைக்கருகே இன்னொரு விரால் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் குஞ்சுகளைச் சுற்றியது, ஒற்றையாக. கோகிலவாணி முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் வைத்துக் கையை எடுத்தாள். "புத்தி கெட்டுப்போச்சா உனக்கு, அண்ணனுக்கு இன்னா குடுப்ப?" என்று வேடியப்பன் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தான்.

என்ன கொடுப்பது... கரையில் உட்கார்ந்தாள். கம்பி இன்னும் வளைந்திருந்தது. நிமிர்த்தலாம் என்று பையிலிருந்து குறடை எடுத்தாள். அரை நூல் பிசகினாலும் முழுத் தையலையும் பிரித்துப் போடுகிறவள், காலையில் இந்தக் கோணல் தெரியாமலா இருந்தது? தெரிந்தது. கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்துதான் வளைத்தாள், அவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, மெதுவாக. அப்போது போர்வையின் மேல் கிடந்த அவர் கை லேசாக எழும்பியதே... குறடைப் பிடுங்கவா, இல்லை, தையல் போட்ட இடம் அரித்ததா?

நிமிர்த்தவில்லை. குறடைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள்.