ஹீட்டருக்கு ஒரு ஜோடிச் செருப்பு

என் வீட்டுக்காரர் பீர் மைதீன் பதினெட்டு வருஷமாக ரியாத்தில் ஓர் எலக்ட்ரிக் சாமான் கடையில் வேலை பார்க்கிறார். அதனால் தென்காசியில் எங்கள் வீட்டில் ஒரு பல்பு போனால்கூட அவருக்குப் போன் போட்டுத்தான் மாட்ட வேண்டும். போன லீவில் ஒரு வாட்டர் ஹீட்டரைக் கார்கோவில் போட்டு வரவழைத்து, ஒருத்தரையும் தொடவிடாமல் தானே மாட்டினார். அருவியில் குளிக்கிற ஊருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்டவர்களிடம், "ஹுஸ்னாவுக்குப் பிரசவம் வருதுல்லா" என்றார். அதுவரைக்கும் அவரைத் தவிர வேறு யாரும் அதில் குளிக்கவில்லை.

பிரசவமும் வந்தது. சாரல் பிடித்த வாரத்தில் என் மகள் ஹுஸ்னாவுக்கு ஆபரேஷன் செய்து பெண்பிள்ளை பிறந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்னால் குளியலறையைக் கழுவுவோமே என்று ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குழாயைத் தொட்டேன். சுர்ரென்று முழங்கை வரை ஏறியது. கொஞ்ச நேரம் அந்தக் கை என் கையாகவே இல்லை.

வீடியோ காலில் கூப்பிட்டேன். அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"தண்ணி சூடாவலையா? தெர்மோஸ்டாட். சொட்டுதா? வால்வு. மெதுவா வருதா? உப்பு அடைச்சிருக்கும்."

"கரண்டு அடிக்குங்கேன்."

"ஈரக் கையோட தொட்டிருப்ப. செருப்பு போட்டுக்கிட்டுக் குளி."

தண்ணீர் வராததற்கு ஹீட்டர் காரணம், கரண்டு அடிப்பதற்கு மட்டும் நான் காரணமாம். குளியலறையில் ஈரக் கை இல்லாமல் வேறு எந்தக் கையோடு நிற்பதாம்?

எலக்ட்ரீசியன் இசக்கிதுரைக்குச் சொல்லிவிட்டேன். குற்றாலத்தில் சீசன் என்பதால் லாட்ஜ் லாட்ஜாக ஹீட்டர் வேலை அவனுக்கு. மூன்றாம் நாள்தான் வந்தான். வந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாய்க்குப் போன் போடுங்கக்கா, அவாள்ட்ட பேசிக்கிடுதேன்."

போனை ஹீட்டர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசினார்கள். அடி வாங்கிய நான் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே படிந்திருந்த உப்பைச் சுரண்டி எடுத்தான். கரண்டு அடிப்பது என்னாச்சு என்று கேட்டேன்.

"அது சாரல் ஈரம்க்கா. செருப்பு போட்டுக்கோங்க."

அவனுக்கும் அதே செருப்பு.

மறுநாள் ஹுஸ்னா வந்தாள். வெந்நீர் ஊற்றிவிட ஸ்டூலில் உட்கார வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு ஆண்பிள்ளைகள் பார்த்துச் சொன்னதாயிற்றே என்று ஹீட்டரைப் போட்டேன். அந்தப் புத்திக்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். குளித்து முடித்து எழுந்திருக்க அவள் குழாயைப் பிடித்தாள். கை வெடுக்கென்று பின்னால் போனது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள். "அம்மா, கை மரத்துப்போச்சும்மா" என்று அழுதாள்.

அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"செருப்பு போடச் சொன்னேனா இல்லையா?" என்றார் அவர்.

"நாளைக்கு ஏழாம் நாளு. முடி எடுத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டணும். ஏழு நாள் பிள்ளைக்கு எந்த சைஸ்ல செருப்பு எடுக்கட்டும், சொல்லுங்க."

கடையில் ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிட்டார்.

இனி யாரைக் கேட்க வேண்டும்? ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கி, தையல் மிஷின் திருப்புளியால் அதைத் திறந்தேன். உள்ளே ஒயர் மாட்ட மூன்று இடம் இருந்தது. இரண்டில்தான் ஒயர் இருந்தது. பச்சையும் மஞ்சளுமான மூன்றாவது ஒயரைக் குட்டையாக வெட்டி, கறுப்பு டேப் சுற்றி ஓரத்தில் மடக்கி வைத்திருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"அந்த ஊர் பிளக்கு நம்ம சுவத்துல நுழையல மெஹரு. வெட்டி மாத்தும்போது அந்த ஒயரு எட்டல. அது இல்லாமலே தண்ணி நல்லா சூடாச்சு, அதான் விட்டுட்டேன்."

அவர் பேசப் பேச என் கண் குளியலறை வாசலுக்குப் போனது. அங்கே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கிடந்தது. ஹீட்டர் மாட்டிய மறுநாள் அவரே கடைக்குப் போய் வாங்கி வந்தது. லீவு முடிகிற வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் குளித்தார். வெளிநாட்டுப் பழக்கம்போல என்று நான் நினைத்திருந்தேன்.

"உங்களுக்கும் அடிச்சிதா?"

"டேப்பெல்லாம் நல்லாத்தான் சுத்தியிருந்தேன்" என்றார்.

"கேக்கேன்லா. அடிச்சிதா?"

"லேசாத்தான்."

லேசாகத்தானாம். தன் காலுக்குச் செருப்பு வாங்கத் தெரிந்த மனுஷருக்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விமானம் ஏறத் தெரியவில்லை. தான் மாட்டியதில் பிழை என்று ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நான் போனை வைத்துவிட்டேன்.

இசக்கிதுரையை அன்று சாயங்காலமே வரவழைத்தேன். வந்ததும் வழக்கம்போல, "பாய்க்கு ஒரு போன்" என்றான்.

"பாய் இங்கன குளிக்கல. நான்தான் குளிக்கேன். என்ன கேக்கணுமோ என்கிட்ட கேளு."

பிளக்கைத் திறந்து காட்டினேன். அவன் முகம் சின்னதாகிப் போனது. போன தடவை பிளக்கைத் திறந்தே பார்க்கவில்லை என்று அவனே ஒத்துக்கொண்டான். ஹீட்டருக்குள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளை உப்பு அரித்திருந்தது. அதில் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்குத்தான் அந்த மூன்றாவது ஒயராம். சுருளை மாற்றினான், புது ஒயர் போட்டான், கரண்டு கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சு ஒன்றும் வைத்தான். டெஸ்டரை வைத்துக் காட்டினான். எனக்கு அது போதவில்லை.

"செருப்பைக் கழத்திட்டு, கையை நனைச்சுட்டு நீ குழாயைத் தொடு."

தொட்டான். பிறகு நான் தொட்டேன். மறுநாள் முடி எடுத்து, பாஹிமா என்று பேர் வைத்து, என் வெறுங்கால் மேல் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டினேன். வெந்நீர் பட்டதும் அது கண்ணை மூடிக்கொண்டது.

அந்த வாரம் அடுத்த தெரு இத்ரீஸ் ரியாத்துக்குக் கிளம்பினான். அவன் கையில் அவருக்கு ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்துவிட்டேன். பார்சலுக்கு அடியில் அந்த நீலச் செருப்பையும் கழுவித் துடைத்து வைத்தேன்.

பார்சல் பிரித்ததும் கூப்பிட்டார். "இது எதுக்கு மெஹரு?" என்று கேட்டார்.

"இங்க இனிமே தேவைப்படாது. அங்க உங்களுக்கு லேசா ஏதும் அடிச்சா போட்டுக்கிடுங்க" என்றேன்.