மாமா ஊறப்போட்ட பேரிக்காய்

அக்காவின் கணவர் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் பேரிக்காய் ஊறப்போடக் கிளம்பினார். அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத மனிதர். போனில் நாலு வீடியோ பார்த்ததும், வினிகர் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, கிராம்பு இத்தனை என்று கண்டவருக்கெல்லாம் பாடம் எடுத்தார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கைக்கு அந்தக் கண்றாவியைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாமா பாட்டிலைச் சட்டை முனையால் துடைத்தார். நக்கிய கரண்டியையே திரும்ப உள்ளே விட்டார்.

"பாட்டிலைக் கொதிக்க வைக்கணும் மாமா."

"உனக்கு ரத்தம் தெரியும். பழம் தெரியுமா? இது கைப்பக்குவம்."

பக்குவமாம். கழுவாத கைக்கு என்ன பக்குவம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, பழைய ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, சிலை திறப்பதுபோல் பாட்டிலைத் திறந்தார். துப்பிவிடும் எண்ணத்தோடுதான் தங்கை ஒரு துண்டை வாயில் போட்டாள். துப்ப முடியவில்லை. கடிக்கப் பதமாக, புளிப்புக்குப் பின்னால் இனிப்பு மெல்ல வந்தது. துண்டுகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே கனம். ரொட்டியைக்கூட நேராக வெட்டத் தெரியாத ஆள் இவர். எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"கடையில வாங்கி நிரப்பிட்டாராக்கா?"

அக்கா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். "அவர் போட்டது அஞ்சாம் நாளே பூசணம் புடிச்சுது. கொட்டிட்டு நான் வேற போட்டேன். அவர் போட்டதுல ஒரு பாட்டில் மட்டும் அப்படியே இருக்கு."

"அவருக்குத் தெரியாதா?"

"அவர் எதைப் பாத்தாரு? முப்பது வருஷமா என் சமையலை ஒரு நாள் நல்லாருக்குன்னதில்ல. இன்னைக்குத்தான் சொல்றாரு. அதுவும் அவர் செஞ்சதுன்னு நெனச்சு."

ஹாலிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "பொம்பளைங்க கைக்கு இந்த ருசி வராதுப்பா."

நண்பர்கள் சிரித்தார்கள். அக்கா கையைத் துடைத்தாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தாள்.

"இதுதாங்க நீங்க போட்டது. நீங்க சாப்பிடறது நான் போட்டது."

அவர் நம்பாமல் மூடியைத் திருகினார். நுரை பொங்கி விரல்களில் வழிந்தது. பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்தினார். இன்னொருவர் தட்டை அக்காவிடம் நீட்டினார். "இன்னும் ரெண்டு வைங்கம்மா."

அக்கா வைத்தாள். தங்கை மாமாவையே பார்த்தாள். வெட்கப்படுவார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தாள்.

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "வினிகர்ல கலப்படம் பண்ணிட்டான் கடைக்காரன்."